கொல்லை வாசல்: நெதர்லாந்தின் கஞ்சாக் கொள்கையும் அண்டை நாடுகளும்

1996 மார்ச் இறுதியில் பிரான்ஸ் தன் எல்லைகளில் சிலவற்றைத் திறந்துவிட்டது. சிலவற்றைத் திறக்க மறுத்தது. உறுப்பு நாடுகளுக்கு இடையே எல்லைச் சோதனையை நீக்கும் ஷெங்கன் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து அப்போதுதான் ஓராண்டு ஆகியிருந்தது. ஜெர்மனியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் தரைவழியாக வருகிறவர்களை இனி எல்லையில் நிறுத்துவதில்லை என்று பாரிஸ் முடிவு செய்தது. பெல்ஜியம், லக்சம்பர்க் எல்லைகளில் மட்டும் சோதனை தொடர்ந்தது. அந்த இரு நாடுகளோடும் பிரான்ஸுக்குப் பெரிய வழக்கு எதுவும் கிடையாது. வழக்கெல்லாம் அவற்றுக்கு அப்பால் இருந்த நெதர்லாந்தோடுதான். ஐரோப்பிய மண்ணில் பிரான்ஸோடு ஓரடி எல்லைகூட இல்லாத ஒரு நாட்டின் போதைப்பொருள் கொள்கைக்காக, நடுவில் இருந்த பெல்ஜியக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது.

முந்தைய ஆண்டு பதவியேற்ற நாள் முதலே குடியரசுத் தலைவர் ஜாக் சிராக் இதைப் பேசி வந்தார். ரோட்டர்டாமில் ஹெராயினும் கஞ்சாவும் மலிவாகக் கிடைக்கின்றன, வடபிரான்ஸின் இளைஞர்கள் காரில் போய் வாங்கி வருகிறார்கள், டச்சு அரசு கண்டுகொள்வதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. அவருடைய கட்சியின் செனட்டர் பால் மாசோன் நெதர்லாந்தைப் ‘போதை அரசு’ என்றே அழைத்தார். தி ஹேகில் இருந்த டச்சுப் பிரதமர் விம் கோக்கின் அரசு இதை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே மனக்கசப்பு இருந்த நேரம் அது. 1995இல் பசிபிக் பெருங்கடலின் மூரூரோவா பவளத்தீவில் பிரான்ஸ் மறுபடியும் அணு வெடிப்புச் சோதனை தொடங்கியபோது, பிரெஞ்சு ஒயினைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல் டச்சு மக்களிடையே பலமாக எழுந்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தைச் சேர்ந்து தொடங்கிய ஆறு நாடுகளில் இரண்டு, ஒரே ராணுவக் கூட்டணியில் இருப்பவை, கஞ்சாவுக்காக இப்படி முறைத்துக்கொண்டன.

தன் குடிமக்களின் போதைப் பழக்கத்தை ஒரு நாடு எப்படிக் கையாள வேண்டும் என்பதை அந்த நாடுதான் தீர்மானிக்க முடியும். அதன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும், பிடிக்காவிட்டால் அதன் மக்கள் அடுத்த தேர்தலில் மாற்றுவார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் விளைவைச் சுமக்கிறவர்களில் ஒரு பகுதியினர் எல்லைக்கு அப்பால் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அங்கே வாக்கு இல்லை. தங்கள் அரசு வெளியுறவுக் கடிதம் எழுதுவதையோ எல்லையில் சோதனைச் சாவடி போடுவதையோ தவிர, முறையிட அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. போதைப்பொருள் கொள்கையை ஒட்டி அண்டை நாடுகளுக்குள் எழும் சச்சரவுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். சட்டம் மென்மையானதா கடுமையானதா என்ற கேள்வியைவிட, அதன் செலவில் எவ்வளவு பக்கத்து வீட்டுக்குப் போகிறது என்ற கேள்வி உறவுகளை அதிகம் ஆட்டிவைக்கிறது. நெதர்லாந்தின் ஐம்பதாண்டு அனுபவத்தை இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

1970களின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு ஹெராயின் வந்து சேர்ந்தது. அதே தெருக்களில், அதே ஆட்களிடம் கஞ்சாவும் விற்கப்பட்டது. அரசு அமைத்த பான் குழு 1972இல் அறிக்கை தந்தது. கஞ்சாவின் அபாயம் வேறு, ஹெராயினின் அபாயம் வேறு. இரண்டும் ஒரே சந்தையில் கிடப்பதுதான் பெரிய ஆபத்து என்பது அதன் சாரம். கஞ்சா வாங்கப் போகும் பதினெட்டு வயதுப் பையன் ஹெராயின் விற்பவனைச் சந்திக்கவே கூடாது. இந்தச் சிந்தனையில் 1976இல் அபினிச் சட்டம் திருத்தப்பட்டது. ஹெராயின், கொக்கெயின் போன்றவை ஒரு பட்டியலிலும் கஞ்சாவும் ஹஷீஷும் இன்னொரு பட்டியலிலும் வைக்கப்பட்டன. முதல் பட்டியலின் வணிகத்துக்கான உச்ச தண்டனை 12 ஆண்டுகளாக உயர்ந்தது. இரண்டாம் பட்டியலில் 30 கிராம் வரை வைத்திருப்பது சிறு குற்றமாகக் குறைந்தது. ஆக, நெதர்லாந்தில் கஞ்சா சட்டபூர்வமானது என்று பலர் நினைப்பது சரியல்ல. இன்றும் அது குற்றமே. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் அரசு வழக்கறிஞர்கள் வழக்குத் தொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த நிபந்தனைகளின் மேல்தான் கஞ்சா விற்கும் காஃபி ஷாப்புகள் வளர்ந்தன. விளம்பரம் கூடாது, கடும் போதைப்பொருள் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கூடாது, சிறுவர்களுக்கு விற்கக் கூடாது, பெரிய அளவில் விற்கக் கூடாது. இதையெல்லாம் கடைப்பிடித்தால் காவல்துறை தலையிடாது. கடையில் ஒரு நேரத்தில் 500 கிராமுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது என்பதும் பின்னர் சேர்ந்தது. கடையின் முன்வாசல் வழியாக வாடிக்கையாளர் அச்சமின்றி வாங்கிச் செல்லலாம். ஆனால் அந்தக் கடைக்குச் சரக்கு எங்கிருந்து வர வேண்டும் என்று கேட்டால் சட்டத்திடம் பதிலில்லை. பயிரிடுவது குற்றம், மொத்தமாக விற்பது குற்றம், கொண்டுவந்து கொடுப்பதும் குற்றம். கொல்லை வாசலில் நடப்பது முழுக்க முழுக்கக் கள்ளச் சந்தை. டச்சுக்காரர்களே இதைப் ‘பின்வாசல் பிரச்சினை’ என்று சொல்லிப் பல பத்தாண்டுகள் விவாதித்தார்கள்.

உள்நாட்டில் இந்தக் கொள்கை தந்த நன்மையை மறைக்க வேண்டியதில்லை. ஹெராயின் பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் பெரிதாகப் பரவவில்லை. அடிமையானவர்கள் வயதேறி மூத்தவர்களாக இருந்தார்கள், புதியவர்கள் குறைந்தார்கள். 1984இல் ஆம்ஸ்டர்டாமில் ஊசி மாற்றித் தரும் திட்டம் தொடங்கியது. எய்ட்ஸ் பரவிய காலத்தில் இது எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதே காலத்தில் ஊசி போட்டுக்கொள்பவர்களிடையே எச்.ஐ.வி. தொற்று வேகமாகப் பரவிய நாடுகளில் பிரான்ஸ் ஒன்று. 1987 வரை அங்கே மருத்துவச் சீட்டு இல்லாமல் ஊசிக்குழல் வாங்குவதே கடினமாக இருந்தது. இந்த ஒப்பீடு தி ஹேகின் அதிகாரிகளுக்குத் தன்னம்பிக்கை கொடுத்தது. தங்கள் வழிதான் சரி என்று தெரிந்திருந்ததால், வெளியிலிருந்து வந்த முறையீடுகளைப் புரியாதவர்களின் கூச்சலாகவே அவர்கள் கேட்டார்கள். அங்கேதான் சறுக்கல் தொடங்கியது என்பேன்.

ஏனென்றால் முறையீட்டில் உண்மையும் இருந்தது. 1990களின் முதற்பாதியில் ரோட்டர்டாம் நோக்கி வரும் நெடுஞ்சாலையில் பிரெஞ்சு, பெல்ஜிய எண்பலகை கொண்ட கார்களை மறித்து, வேகமாக ஓட்டிப் பக்கவாட்டில் வந்து சைகை காட்டி, விற்பனை வீடுகளுக்கு அழைத்துச் செல்லும் தரகர்கள் இருந்தார்கள். இவர்கள் விற்றது காஃபி ஷாப் கஞ்சா மட்டுமல்ல, ஹெராயினும்தான். ரோட்டர்டாம் காவல்துறை இதை எதிர்த்துப் பெரிய நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. லீல் நகரத்துத் தாய்க்கு டச்சுக் கொள்கையின் பொதுச் சுகாதாரப் புள்ளிவிவரம் எதற்கு? அவள் மகன் சனிக்கிழமை மாலை இரண்டரை மணி நேரம் ஓட்டிப் போய் வாங்கி வந்ததுதான் அவளுக்குத் தெரியும்.

ஆனால் பிரான்ஸின் வாதத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பிரான்ஸில் புகைக்கப்பட்ட ஹஷீஷில் பெரும்பகுதி மொராக்கோவில் விளைந்து ஸ்பெயின் வழியாக வந்தது. அதே ஸ்பெயின் எல்லையைத்தான் 1996 மார்ச்சில் பிரான்ஸ் திறந்துவிட்டது. போதைப்பொருள் வரும் பாதையைப் பார்த்துச் சாவடி போடப்பட்டிருந்தால் பிரனீஸ் மலைப் பக்கம்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். மொராக்கோவோடு பிரான்ஸுக்கு நெருங்கிய உறவு, ஸ்பெயின் பெரிய நாடு, நெதர்லாந்து சிறிய நாடு. அதோடு தன் கொள்கையை வெளிப்படையாக எழுதியும் வைத்திருந்தது. திட்டுவதற்கு வசதியான முகவரி அது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தச் சண்டை உச்சத்தில் இருந்த அதே 1995, 96 ஆண்டுகளில்தான் பிரான்ஸ் மெத்தடோன் சிகிச்சையை விரிவாக்கியது. புப்ரெனார்ஃபின் மருந்தைச் சாதாரண மருத்துவர்களே எழுதித் தரவும் வழி செய்தது. ஹெராயின் அடிமைகளைக் குற்றவாளிகளாக மட்டும் பார்க்காமல் நோயாளிகளாகவும் பார்க்கும் இந்த வழியில் டச்சுக்காரர்கள் பல ஆண்டுகள் முன்னே போயிருந்தார்கள். மேடையில் வைத தலைவர்களின் நாட்டில் சுகாதார அமைச்சகம் அமைதியாக அதே பாதையில் நடந்தது.

இந்தச் சண்டையில் சட்டம் என்ன சொன்னது? நெதர்லாந்து பன்னாட்டு ஒப்பந்தங்களுக்கு வெளியே நின்ற நாடு அல்ல. உலகின் முதல் அபினி உடன்படிக்கையே 1912இல் தி ஹேகில்தான் கையெழுத்தானது. அந்தக் காலத்தில் டச்சுக் குடியேற்ற அரசு ஜாவாவில் அபினியைத் தானே ஏகபோகமாக விற்று வருவாய் ஈட்டிக்கொண்டிருந்தது என்பதும் இதே வரலாற்றின் பகுதி. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. ஒற்றை உடன்படிக்கையிலும் அது உறுப்பு நாடு. 1988ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஏற்றபோது, வழக்குத் தொடுப்பது பற்றிய சில உட்பிரிவுகள் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று விலக்குக் குறிப்பைப் பதிவு செய்தது. ஷெங்கனில் இதைவிடத் தெளிவான ஏற்பாடு இருந்தது. 1990இல் கையெழுத்தான ஷெங்கன் செயலாக்க உடன்படிக்கையின் 71ஆம் பிரிவு, கஞ்சா உட்பட எல்லாப் போதைப்பொருள்களின் சட்டவிரோத ஏற்றுமதியையும் தடுக்க வேண்டும் என்றது. கூடவே ஒரு கூட்டறிவிப்பும் சேர்க்கப்பட்டது. எந்த நாடாவது தன் தடுப்பு, சிகிச்சைக் கொள்கைக்காக இந்த நெறியிலிருந்து விலகினால், அதனால் மற்ற நாடுகளுக்குள் போதைப்பொருள் போகாதபடி நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்பது அதன் பொருள். நெதர்லாந்தின் பெயர் அதில் இல்லை. யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதில் யாருக்கும் ஐயமும் இல்லை.

இந்த அறிவிப்பு எனக்கு மிகவும் நேர்மையான ஒன்றாகப் படுகிறது. உன் வீட்டில் நீ எப்படி வேண்டுமானாலும் இரு, உன் வீட்டுப் புகை என் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள் என்பதுதான் அது. வேறு நாடுகள் இதைவிட முரட்டுத்தனமாக நடந்துகொண்ட வரலாறு உண்டு. 1969 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் நிக்சன் மெக்சிகோ எல்லை முழுவதும் ஒவ்வொரு வண்டியையும் சோதிக்க உத்தரவிட்டார். ஏறத்தாழ மூன்று வாரம் எல்லை நகரங்களின் வணிகம் முடங்கியது. பிடிபட்ட சரக்கு சொற்பம். மெக்சிகோவைப் பணிய வைப்பதே உண்மையான நோக்கம் என்று அதைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான கார்டன் லிடி பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். ஐரோப்பாவில் அப்படி நடக்காமல் போனதற்கு, முறையிடுவதற்கென்று ஒரு பொது மேசை இருந்ததும் ஒரு காரணம்.

அந்த மேசையில் நெதர்லாந்து கொஞ்சம் இறங்கி வந்தது. 1995இல் வெளியான அரசின் கொள்கை அறிக்கை அடிப்படையை மாற்றவில்லை; ஆனால் 1996 முதல் ஒருவருக்கு விற்கக்கூடிய அளவு 30 கிராமிலிருந்து 5 கிராமாகக் குறைந்தது. காஃபி ஷாப்புகளின் எண்ணிக்கையையும் குறைக்கத் தொடங்கினார்கள். 1990களின் நடுவில் ஆயிரத்தைத் தாண்டியிருந்த கடைகள் இன்று அறுநூறுக்கும் கீழே. 1996 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கூட்டு நடவடிக்கையை ஏற்றது. சட்டங்களை நெருக்கமாக்குவது பற்றி அது பட்டும் படாமலும் பேசியது. போதைச் சுற்றுலாவை எதிர்ப்பதில் ஒத்துழைக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னது. 2004ஆம் ஆண்டின் சட்டக முடிவு, போதைப்பொருள் கடத்தலுக்குக் குறைந்தபட்சத் தண்டனை வரம்புகளை வகுத்தது. சொந்தப் பயன்பாட்டுக்கானதை வேண்டுமென்றே வெளியே விட்டது. எந்த நாடும் எந்த நாட்டையும் மாற்றிவிடவில்லை. ஆனால் இரு தரப்பும் சொல்லிக்கொள்ள ஏதோ கிடைத்தது.

தலைநகரங்களின் சண்டை இத்தோடு ஓய்ந்தது. எல்லை ஊர்களின் துன்பம் ஓயவில்லை.

வரைபடத்தில் மாஸ்ட்ரிக்ட் நகரைப் பாருங்கள். நெதர்லாந்தின் தென்கோடியில் பெல்ஜியத்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவே ஒரு விரல் நீட்டியதுபோல் கிடக்கும் நிலத்தில் இருக்கிறது. பெல்ஜிய எல்லை சில கிலோமீட்டர்தான். பெல்ஜியத்தின் லியேஜும் ஜெர்மனியின் ஆகனும் சுமார் முப்பது கிலோமீட்டர் தொலைவில். ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய ஒப்பந்தம் 1992இல் கையெழுத்தானது இதே ஊரில். அங்கிருந்த 14 காஃபி ஷாப்புகளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10,000 பேர், ஆண்டுக்கு 39 லட்சத்துக்குச் சற்று அதிகமானோர் வந்தார்கள் என்றும் அவர்களில் 70 விழுக்காட்டினர் நெதர்லாந்தில் வசிக்காதவர்கள் என்றும் ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஒன்றேகால் லட்சத்தைவிடக் குறைவான மக்கள் வாழும் ஊர் அது. பழைய நகரத்தின் ஒடுங்கிய தெருக்களில் வெளிநாட்டுக் கார்கள் வரிசை கட்டின; அவற்றைச் சுற்றி, கடைகள் விற்காத சரக்கை விற்கும் ஆட்கள் கூடினார்கள். இரு சந்தைகளையும் பிரிப்பதற்காக உருவான கொள்கை, தன் எல்லை ஊரில் இரண்டையும் மறுபடி ஒரே தெருவில் கொண்டுவந்து நிறுத்தியது.

மேயர் கெர்ட் லேர்ஸ் ஒரு யோசனை சொன்னார்: கடைகளில் பாதியை நகருக்கு வெளியே, எல்லையோரமாக நகர்த்திவிடலாம். மாஸ்ட்ரிக்ட் மக்களுக்கு நிம்மதி. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த பெல்ஜியச் சிற்றூர்கள் அதிர்ந்தன. லானாகன், ரீம்ஸ்ட், ஃபூரன் ஆகிய ஊர்களுக்கு மாஸ்ட்ரிக்ட் நகராட்சியில் உறுப்பினர் கிடையாது. ஆனால் கடைகள் வரப்போவது தங்கள் வயல்களின் ஓரத்தில். அவர்கள் டச்சு நீதிமன்றத்தின் படியேறினார்கள். பெல்ஜிய அரசும் எதிர்ப்புத் தெரிவித்தது. திட்டம் நிறைவேறவே இல்லை. ஒரு நகரம் தன் நெரிசலைத் தீர்க்க எடுத்த நியாயமான முயற்சி, அடுத்த நாட்டுக்காரரின் கண்ணில் குப்பையை வேலிக்கு மேல் வீசுவதாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே செயல்தான்.

பிறகு மாஸ்ட்ரிக்ட் வேறு வழியை நாடியது. நெதர்லாந்தில் வசிப்பவர்களை மட்டுமே காஃபி ஷாப்புக்குள் விட வேண்டும் என்று 2005 டிசம்பரில் நகராட்சி விதி கொண்டுவந்தது. விதியை மீறிய ஒரு கடையை மேயர் 2006இல் மூடினார். கடைக்காரர் மார்க் யோசெமான்ஸ் வழக்குத் தொடுத்தார். ஒரே சந்தை என்று சொல்லும் ஐரோப்பாவில், பெல்ஜியக் குடிமகனை அவன் குடியிருக்கும் நாட்டைக் காட்டி எப்படித் தடுக்கலாம் என்பது அவருடைய கேள்வி. 2010 டிசம்பர் 16 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கஞ்சா எல்லா உறுப்பு நாடுகளிலும் தடை செய்யப்பட்ட பொருள்; அதை விற்பவர் பொருள்களின் தடையற்ற நடமாட்டம் என்ற உரிமையைக் கோர முடியாது. கடையில் காபியும் தின்பண்டமும் விற்பதற்குச் சேவை வழங்கும் சுதந்திரம் என்ற உரிமை உண்டு. ஆனால் போதைச் சுற்றுலாவைத் தடுப்பது பொது ஒழுங்கு சார்ந்த நியாயமான நோக்கம் என்பதால் இந்தக் கட்டுப்பாடு செல்லும். அண்டை நாட்டவரின் முறையீட்டுக்கு ஓர் உயர்ந்த நீதிமன்றம் தந்த மிகத் தெளிவான அங்கீகாரம் இதுவாகத்தான் இருக்கும்.

மற்ற எல்லை ஊர்கள் இவ்வளவு பொறுத்திருக்கவில்லை. ரோசெண்டால், பெர்கன் ஓப் ஸோம் ஆகிய இரண்டு ஊர்களுக்கும் பெல்ஜியத்திலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வாரத்துக்குச் சுமார் 25,000 பேர் வந்துகொண்டிருந்தார்கள். 2009இல் இரண்டு நகராட்சிகளும் எல்லாக் கடைகளையும் இழுத்து மூடின. டெர்நியூசன் என்ற துறைமுக ஊரில் நாளுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்த ஒரு பெரிய கடையில், அனுமதித்த 500 கிராமைப் பல மடங்கு தாண்டிய இருப்பு பிடிபட்டது. அவ்வளவு பேருக்கு விற்கும் கடையில் அரைக் கிலோதான் இருக்கும் என்று யார் நம்பியிருக்க முடியும்? கொல்லை வாசலைப் பார்க்க மறுத்த சட்டத்தின் கணக்கு அங்கே நொறுங்கியது.

2012 மே 1 முதல் நீதித்துறை அமைச்சர் ஈவோ ஓப்ஸ்டெல்டன் மாஸ்ட்ரிக்டின் வசிப்பிட விதியைத் தென்மாநிலங்களான லிம்பர்க், வட பிரபாண்ட், ஸீலாந்து மூன்றுக்கும் விரிவாக்கினார். ஒவ்வொரு கடையும் உறுப்பினர் சங்கமாக மாற வேண்டும், 2,000 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது, அனைவரும் நெதர்லாந்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். அந்த உறுப்பினர் அட்டையைக் ‘கஞ்சா அட்டை’ என்று மக்கள் அழைத்தார்கள். வெளிநாட்டவர் வரத்து உடனே சரிந்தது. ஆனால் உள்ளூர்க்காரர்களும் பதிவேட்டில் பெயர் எழுத அஞ்சித் தெருவுக்குத் திரும்பினார்கள்; மாஸ்ட்ரிக்டின் ஆற்றங்கரையில் தெரு வணிகம் பெருகியது. ஆண்டு முடிவதற்குள் அட்டை கைவிடப்பட்டது. வசிப்பிட நிபந்தனை மட்டும் எஞ்சியது, அதைச் செயல்படுத்துவதை அந்தந்த நகராட்சியிடம் விட்டார்கள். சுற்றுலா வருவாய் உள்ள ஆம்ஸ்டர்டாம் செயல்படுத்தவில்லை. மாஸ்ட்ரிக்ட் செயல்படுத்தியது. அண்டை நாட்டோடு ஒட்டி வாழும் ஊருக்கு ஒரு விதி, தொலைவில் இருக்கும் தலைநகருக்கு ஒரு விதி.

இதுவரை வாங்குபவர்கள் எல்லை தாண்டிய கதையைச் சொன்னேன். விளைவிப்பவர்களின் கதை எதிர்த்திசையில் ஓடுகிறது. டச்சுக் காவல்துறை வீட்டு மாடிகளிலும் கிடங்குகளிலும் நடந்த கஞ்சாப் பயிருக்கு எதிராகக் கடுமை காட்டத் தொடங்கியதும், பயிரிடுவோர் எல்லையைத் தாண்டிப் பெல்ஜியத்தின் கிராமங்களுக்குள் போனார்கள். 2015 மார்ச்சில், பெரிய அளவிலான பயிருக்கு விளக்கும் உரமும் கருவியும் விற்பதே குற்றம் என்று நெதர்லாந்து சட்டம் கொண்டுவந்தபோது, அந்தக் கடைகளில் சில பெல்ஜியப் பக்கத்தில் திறந்துகொண்டன. எக்ஸ்டசி, ஆம்ஃபெட்டமின் ஆய்வுக்கூடங்களும் அப்படியே. பிரபாண்டிலும் லிம்பர்கிலும் பிறந்த இந்தத் தொழிலின் நச்சுக் கழிவுப் பீப்பாய்கள் எல்லையின் இரு பக்கக் காடுகளிலும் கிடக்கின்றன. மென்மை வாடிக்கையாளரை இழுத்துவந்தது. கடுமை உற்பத்தியாளரைத் தள்ளிவிட்டது. இரண்டு முறையும் பெல்ஜியம்தான் வாங்கிக் கட்டிக்கொண்டது. கஞ்சாவைத் தளர்த்தியதுதான் எல்லாத் தீங்குக்கும் மூலம் என்று பாரிஸில் பேசியவர்கள் இந்தப் பாதியைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய ஒன்றும் பார்வைக்குத் தப்பியது. இரண்டு பத்தாண்டுகள் அமைச்சர்கள் 5 கிராமா 30 கிராமா என்று வாதிட்டுக்கொண்டிருந்த வேளையில், தென்னமெரிக்கக் கொக்கெயின் ரோட்டர்டாம், ஆன்ட்வெர்ப் துறைமுகங்களின் கொள்கலன்களில் டன் கணக்கில் இறங்கத் தொடங்கியது. 2023இல் ஆன்ட்வெர்பில் மட்டும் சுமார் 116 டன் பிடிபட்டது. இதற்கும் காஃபி ஷாப்புக்கும் நேரடி முடிச்சுப் போடுவது தவறு. கடுமையான சட்டமுள்ள நாடுகளின் துறைமுகங்களிலும் கொக்கெயின் இறங்குகிறது. ஆனால் கொல்லை வாசல் வணிகம் பல ஆண்டுகளாகப் பணத்தையும் தொடர்புகளையும் வண்டியோட்டிகளையும் சேர்த்துத் தந்த ஒரு வட்டம், இன்னும் லாபமான சரக்குக்குத் தாவியிருக்காது என்று சொல்வதும் கடினம். 2022 செப்டம்பரில் பெல்ஜிய நீதித்துறை அமைச்சர் வின்சென்ட் ஃபான் குவிக்கென்போர்னைக் கடத்தத் திட்டமிட்டதாகச் சந்தேகத்தின் பேரில் கைதானவர்கள் டச்சுக்காரர்கள், கைதானது நெதர்லாந்தில். ஓர் ஐரோப்பிய அமைச்சர் குடும்பத்தோடு பாதுகாப்பு வீட்டில் ஒளிந்து வாழ நேர்ந்தது. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒன்று நடந்திருந்தால் எத்தனை தூதர்கள் திரும்ப அழைக்கப்பட்டிருப்பார்களோ! இப்போது பிரஸ்ஸல்ஸ் தி ஹேகை வையவில்லை. டச்சுக் காவல்துறைதான் பெல்ஜியத்தின் கோரிக்கைப்படி அவர்களைப் பிடித்தது.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதில்தான் எனக்கு மிகுந்த ஆர்வம். கொள்கைகள் ஒன்றாகிவிட்டதால் வரவில்லை. அவை இன்றும் வேறுவேறுதான். மேலே தலைவர்கள் முறைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே கீழே காவல் அதிகாரிகள் நெடுஞ்சாலைகளில் சேர்ந்து ரோந்து போகப் பழகியிருந்தார்கள். பிரெஞ்சு, பெல்ஜிய, டச்சு அதிகாரிகள் ஒருவர் தொலைபேசி எண்ணை ஒருவர் வைத்திருந்தார்கள். 2020இல் குற்றக் கும்பல்கள் பயன்படுத்திய என்க்ரோசாட் என்ற மறைகுறித் தொலைபேசி வலையை உடைத்தது பிரான்ஸும் நெதர்லாந்தும் சேர்ந்து அமைத்த கூட்டுப் புலனாய்வுக் குழு. அந்த வலையின் கணினிகள் இருந்த இடம் லீல் நகரை ஒட்டிய ரூபே. எந்த வட்டாரத்து இளைஞர்களைச் சொல்லிச் சிராக் சாவடி போட்டாரோ அந்த வட்டாரத்திலிருந்து டச்சுக் காவல்துறைக்கு லட்சக்கணக்கான செய்திகள் போயின. அடுத்த ஆண்டு பெல்ஜியமும் சேர்ந்துகொண்டு ஸ்கை இ.சி.சி. வலையை உடைத்தது. எல்லையில் நிறுத்திப் பெட்டியைத் திறந்து பார்த்த ஆண்டுகளில் கிடைக்காத அளவுக்கு வழக்குகள் இவற்றிலிருந்து கிடைத்தன.

இதற்கிடையே அண்டை நாடுகளே மாறத் தொடங்கின. லக்சம்பர்க் 2023இல் வீட்டுக்கு நான்கு செடி வளர்க்க அனுமதித்தது. பெல்ஜியம் 2003 முதலே வயது வந்தவர் சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிதளவு வைத்திருப்பதைப் பெரிதாகத் துரத்துவதில்லை. ஜெர்மனி 2022 அக்டோபரில் உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா விற்கும் முழுத் திட்டத்தையே அறிவித்தது. நெதர்லாந்தால் அரை நூற்றாண்டாகத் தீர்க்க முடியாத கொல்லை வாசலை ஒரேயடியாகச் சரிசெய்யும் திட்டம் அது. ஐரோப்பிய ஆணையத்தோடு பேச்சு நடந்தது. 2023 ஏப்ரலில் பெர்லின் பின்வாங்கியது. கடை விற்பனைக்குத் தடையாக நின்றவற்றில் ஷெங்கன் உடன்படிக்கையின் 71ஆம் பிரிவும் 2004ஆம் ஆண்டின் சட்டக முடிவும் இருந்தன. நெதர்லாந்தைக் கட்டுவதற்காக அண்டை நாடுகள் முறுக்கிய கயிறு ஜெர்மனியின் காலைச் சுற்றியது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் 25 கிராம் வைத்திருக்கவும் மூன்று செடி வளர்க்கவும் அனுமதிக்கிறது. விற்பனை கிடையாது, பயிரிடும் சங்கங்கள் தங்கள் உறுப்பினருக்கு மட்டும் பகிரலாம். உறுப்பினராகச் சேர ஜெர்மனியில் குறைந்தது ஆறு மாதம் வசித்திருக்க வேண்டும். மாஸ்ட்ரிக்ட் நகராட்சி பெல்ஜியர்களையும் ஜெர்மானியர்களையும் வெளியே நிறுத்த எழுதிய வசிப்பிட விதி, ஜெர்மனியின் தேசியச் சட்டத்தில் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

நெதர்லாந்தும் தன் கொல்லை வாசலைத் தொட்டிருக்கிறது. 2023 டிசம்பரில் பிரெடாவிலும் தில்பர்கிலும் தொடங்கிய சோதனைத் திட்டம் 2025 ஏப்ரலிலிருந்து மாஸ்ட்ரிக்ட் உட்படப் பத்து நகராட்சிகளில் முழுமையாக நடக்கிறது. அங்குள்ள காஃபி ஷாப்புகள் அரசு உரிமம் பெற்ற பயிரிடுவோரிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டும். விதை முதல் விற்பனை வரை ஒவ்வொரு பொட்டலமும் கணக்கில் ஏறும். இது நிலைத்தால் எல்லைக்கு அப்பால் போகும் கள்ளச் சரக்கின் ஒரு பகுதிக்காவது வேர் அறும் என்று நான் எதிர்பார்க்கிறேன். டச்சு அரசு இந்தச் சோதனையை அளவிடப் பொதுச் சுகாதாரம், குற்றம், பொது ஒழுங்கு, தொல்லை என்று அளவுகோல்கள் வைத்திருக்கிறது. அவற்றோடு லானாகனின் காவல் பதிவேடும் ஆகனின் மருத்துவமனைக் கணக்கும் சேர்க்கப்பட வேண்டும். லிம்பர்க் மாநில எல்லையோரப் பெல்ஜிய ஊர்களின் காவலர்கள் இன்று டச்சு, ஜெர்மன் சட்டங்கள் இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் இயற்றியவை அந்த ஊர் மக்கள் வாக்களிக்காத நாடாளுமன்றங்கள்.